கரை வேறு, உடம்பு ஒன்று: சேர்மத் தொகுப்பு வாங்குவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம்.

சிங்கப்பூரில் மருந்துக் கண்டுபிடிப்புக்காகப் பொதுப் பணத்தில் சேர்மத் தொகுப்பு வாங்குவது பற்றி முடிவெடுக்கும் எல்லாருக்கும் இதை எழுதுகிறேன். நீங்கள் நிதி ஒதுக்கும் குழுவில் இருக்கலாம், கொள்முதல் பிரிவில் இருக்கலாம், ஏதோ ஓர் ஆய்வகத்தின் தலைவராக இருக்கலாம். உங்களில் சிலருக்குத் தமிழ் படிக்க வரும் என்று எனக்குத் தெரியும். கூட்டம் முடிந்து காப்பி எடுக்கப் போகும்போது நாம் தமிழில்தானே பேசிக்கொள்கிறோம்? இதே விஷயத்தை ஆங்கிலத்தில் மூன்று முறை படம் போட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டேன். கடைசிப் படம் வருவதற்குள் எல்லார் கண்ணும் விலைப்பட்டியலுக்குப் போய்விடுகிறது. அதனால் இந்த முறை தமிழில்.

என்னைப் பற்றி ஒரு வரி. புவன விஸ்தா ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் ஓர் ஆய்வகம். அங்கே உறைபெட்டிக்கும் ரோபோவுக்கும் நடுவில் நிற்பவள் நான். தட்டுகளை எடுப்பது, உருக விடுவது, மேலே ஒட்டியிருக்கும் படலத்தை உரிப்பது, வேலை முடிந்ததும் மூடி மறுபடி உறைய வைப்பது, இதுதான் பதினாறு ஆண்டுகளாக என் பிழைப்பு. கையுறையில் ஊசிமுனை அளவு கிழிசல் இருந்தால் போதும், சேர்மங்களைக் கரைத்து வைக்கும் டிஎம்எஸ்ஓ என்ற திரவம் தோல் வழியாக ஏறி, கொஞ்ச நேரத்தில் வாயில் பூண்டு வாசம் அடிக்கும். மதியம் என்ன சாப்பிட்டேன் என்று வீட்டில் கேட்பார்கள்.

வெளியாட்களுக்காக வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு நோய்க்குக் காரணமான புரதத்தையோ, ஒரு கிருமியையோ சின்னச் சின்னக் குழிகளில் வைத்து, ஒவ்வொரு குழியிலும் ஒரு சேர்மத்தைத் துளியிலும் துளியாக விட்டுப் பார்க்கிறோம். கை அளவு பிளாஸ்டிக் தட்டில் 384 குழிகள், அல்லது 1,536. எந்தக் குழியில் புரதம் அடங்குகிறதோ, கிருமி சாகிறதோ, அதற்கு ‘ஹிட்’ என்று பெயர், இப்படிச் சோதிப்பதற்கு ‘ஸ்கிரீனிங்’ என்று பெயர். இதற்காக வரிசையாக அடுக்கி வைத்திருக்கும் சேர்மங்களின் மொத்தத் தொகுப்பைத்தான் ‘லைப்ரரி’ என்கிறோம். அதில் எது இருக்கிறதோ அதுதான் ஹிட்டாக வரும். இல்லாத ஒன்று ஒருநாளும் வராது. எந்த ரோபோவை வாங்கினாலும் இதை மாற்ற முடியாது.

இனி என் அம்மாவைப் பற்றி. போன தீபாவளிக்குச் சிராங்கூன் சாலையில் ஒரு துணிக்கடை. விற்பனைப் பெண் ஒரு மணி நேரமாகச் சேலைகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டே இருந்தாள். மெத்தை நிறைய நீலம். அம்மா ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஏம்மா, எல்லாத்துக்கும் உடம்பு ஒண்ணுதானே, கரையை மட்டும்தானே மாத்திருக்கீங்க? நாப்பது சேலை காட்டுனேன்னு சொல்லாதே. நீ காட்டுனது மூணு.”

அன்றைக்குக் கடையிலேயே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் தொழிலில் வெகுகாலமாகச் சொல்லத் திணறும் விஷயத்தை அம்மா ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். சேர்மத்துக்கும் உடம்பு உண்டு, கரை உண்டு. வளையங்களும் அவற்றை இணைக்கும் பாலங்களும் சேர்ந்தது உடம்பு, அதைச் சட்டகம் என்போம். அதன் ஓரங்களில் தொங்கும் மெதில், குளோரின், மெதாக்ஸி எல்லாம் கரை. விற்பனைப் பட்டியலில் ‘50,000 தனித்துவமான சேர்மங்கள்’ என்று பளபளப்பாக அச்சிட்டிருப்பார்கள். அது பொய் இல்லை. ஒவ்வொன்றும் வேறு வேறுதான். ஆனால் அதில் எத்தனை உடம்பு என்று யாரும் எழுதுவதில்லை, நாமும் கேட்பதில்லை.

இது பட்டியல்காரர்களின் தந்திரம் மட்டும் என்று நினைக்க வேண்டாம், மனித வழக்கமே இப்படித்தான். 1996இல் பெமிஸ், மர்க்கோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதுவரை தெரிந்த 5,120 மருந்துச் சேர்மங்களை எடுத்து, கரைகளையெல்லாம் வெட்டிவிட்டு, எந்த அணு என்பதையும் மறந்துவிட்டு, வெறும் வடிவத்தை மட்டும் எண்ணிப் பார்த்தார்கள். அவற்றில் பாதி மருந்துகள் வெறும் 32 வடிவங்களுக்குள் அடங்கிவிட்டன. மருந்து வேதியியலாளர்கள் எந்த வினைகளை அதிகம் செய்கிறார்கள் என்று பிற்பாடு எண்ணியவர்களுக்கும் இதே கதைதான் கிடைத்தது. அமைடு பிணைப்பு முன்னால் நிற்கிறது, அதன் பக்கத்தில் இரண்டு தட்டை வளையங்களை ஒட்ட வைக்கும் சுசுகி வினை. சுலபமாகச் செய்ய முடிகிறதைத்தான் எல்லாரும் செய்கிறார்கள், செய்ததைத்தான் விற்கிறார்கள், விற்றதைத்தான் நாம் வாங்கி அடுக்குகிறோம்.

மருந்தாகக் கூடிய சிறு மூலக்கூறுகள் மொத்தம் எத்தனை இருக்கக்கூடும் என்ற கேள்விக்கு அடிக்கடி சொல்லப்படும் மதிப்பீடு, ஒன்றுக்குப் பின்னால் 60 சுழியம். உலகின் பெரிய மருந்து நிறுவனங்களிடம் இருப்பதே சில மில்லியன்தான். இந்தக் கணக்கில் 50,000 என்ன, 500,000 என்ன? கடற்கரையில் நின்றுகொண்டு என் கையில் உன்னைவிட இரண்டு பிடி மணல் கூடுதல் என்று சண்டை போடுவது போலத்தான். அந்தப் பிடியை எங்கெங்கிருந்து அள்ளினோம் என்பதை வைத்துத்தான் பயன்.

எங்கெங்கிருந்து என்பதை அளக்க முடியுமா? முடியும், அதற்குக் கோடி வெள்ளி வேண்டாம். ஒரு மூலக்கூறில் என்னென்ன துண்டுகள் இருக்கின்றன என்பதை ஒன்று, சுழியம் என்று ஒரு நீண்ட வரிசையாக எழுதிக்கொள்வோம். கைரேகை மாதிரி. இரண்டு கைரேகைகளில் பொதுவாக இருப்பவற்றை, இரண்டிலுமாகச் சேர்த்து இருப்பவற்றால் வகுத்தால் டானிமோட்டோ எண் வரும். 1 என்றால் கைரேகை அச்சாக ஒன்று, 0 என்றால் தொடர்பே இல்லை. பிறகு முதலில் ஒரு சேர்மத்தை எடுத்துக்கொண்டு, அதற்கு மிகத் தூரமானதை இரண்டாவதாக எடுத்து, ஏற்கெனவே எடுத்தவற்றில் எதற்கும் பக்கமில்லாததாகப் பார்த்து மூன்றாவதை எடுத்து, இப்படியே போகலாம். நல்ல நிரலாளர் ஒருவர், காசில்லாமல் கிடைக்கும் மென்பொருள், ஒரு சாதாரணக் கணினி இருந்தால் போதும், விற்பனையாளர் பட்டியல் முழுவதையும் ஒரு வார இறுதிக்குள் அலசிவிடலாம். டெண்டர் கூட்டத்துக்கு முன்னால் இதை ஏன் யாரும் செய்வதில்லை என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ‘பன்முகம்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கமாக ஓடுகிறவர்களும் உண்டு. தூரத்தில் இருப்பதையே தேடிக்கொண்டு போனால் கணினி விசித்திரங்களைத்தான் முதலில் பொறுக்கும். யாரும் மறுபடி செய்ய முடியாத சேர்மம், தண்ணீரில் கரையாத சேர்மம், பார்த்த புரதத்தையெல்லாம் கடிக்கும் சேர்மம். அதோடு ஒவ்வொரு உடம்புக்கும் ஒரே ஒரு சேர்மம் வைத்தால் இன்னொரு ஆபத்து. 2002இல் மார்ட்டினும் அவருடைய சக ஆய்வாளர்களும் காட்டியது இது: வேலை செய்யும் ஒரு சேர்மத்தோடு டானிமோட்டோ எண்ணில் 0.85க்கு மேல் ஒத்திருக்கும் இன்னொன்றை எடுத்தால், அதுவும் வேலை செய்வதற்கான வாய்ப்பு சுமார் 30 விழுக்காடுதான். அதுவரை எல்லாரும் அது மிக அதிகம் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். அப்படியென்றால் ஒரு உடம்புக்கு ஒரே ஒரு பிரதிநிதியை வைத்து, அது சும்மா இருந்துவிட்டால், அந்த உடம்பையே ஒதுக்கிவிடுவோம். பக்கத்துக் கரை வேலை செய்திருக்கலாம். தவிர, தனியாக ஒரு ஹிட் வந்தால் அது நிஜமா, கருவி செய்த குறும்பா என்று தெரியாது. கூடப் பிறந்தவர்கள் நாலு பேர் பக்கத்துக் குழிகளில் கொஞ்சம் கூடுதலாகவும் குறைவாகவும் அடித்தால்தான் நெஞ்சில் நம்பிக்கை வரும்.

அதனால் என் கணக்கு: உடம்புகள் ஆயிரக்கணக்கில் வேண்டும், ஒவ்வொரு உடம்புக்கும் ஐந்திலிருந்து இருபது கரை வேண்டும். இருநூறு கரை வேண்டாம். இந்த எண்ணில் மற்றவர்கள் முரண்படலாம், சிலர் ஐம்பது கேட்பார்கள். சண்டை அந்த எண்ணைப் பற்றி நடந்தால் எனக்குச் சந்தோஷம். இப்போது சண்டை ஒரு சேர்மம் எத்தனை வெள்ளி என்பதைப் பற்றி நடக்கிறது.

பார்த்த புரதத்தையெல்லாம் கடிக்கும் சேர்மம் என்றேனே, அதைப் பற்றி ஒரு சொந்தக் கதை. பல ஆண்டுகளுக்கு முன், வேறோர் ஆய்வகத்தில் வேலை பார்த்தபோது நடந்தது. திருச்சியிலிருந்து முனைவர் பட்டத்துக்கு வந்திருந்த ஒரு பையன். ஒரு நாள் சாயங்காலம் ஓடி வந்தான். “அக்கா, வந்து பாருங்களேன், ஆறு குழி அடிக்குது, ஆறும் ஒரே மாதிரி அடிக்குது!” போய்த் திரையைப் பார்த்தேன். ஆறும் ரோடனைன். கந்தகமும் நைட்ரஜனும் உள்ள ஐந்து முனை வளையம், கரை மட்டும் வேறு. “தம்பி, ஆறு பேர் வரல, ஒரே ஆளு ஆறு சட்டை போட்டுட்டு வந்திருக்கான்” என்றேன். அவனுக்கு என் பேச்சு பிடிக்கவில்லை, அவனுடைய மேற்பார்வையாளருக்கு இன்னும் பிடிக்கவில்லை. ஏழு மாதம் அதன் பின்னால் அலைந்தார்கள். கடைசியில் ஆய்வுக் கரைசலில் சோப்பு மாதிரியான ட்ரைட்டனைத் துளி சேர்த்துப் பார்த்தார்கள், ஆறும் அடங்கிவிட்டன. சேர்மம் புரதத்தின் மேல் பொருந்தி உட்காரவில்லை. தானே கட்டி கட்டியாகத் திரண்டு, புரதத்தையும் வாரிச் சுருட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பையனின் ஏழு மாத உதவித்தொகையும், மேற்கொண்டு வாங்கிய ரசாயனங்களும், அவன் அம்மாவிடம் தொலைபேசியில் சொன்ன நல்ல செய்தியும் யார் கணக்கில் எழுதப்பட்டன என்று தெரியவில்லை. அந்தத் தொகுப்பு விலை மலிவு என்று வாங்கியது.

ஆஸ்திரேலியாவில் பேல், ஹாலோவே என்ற இருவர் 2010இல் இப்படிப்பட்ட தொல்லைக்காரர்களின் அடையாளங்களைத் தொகுத்து வெளியிட்டார்கள். ‘பெயின்ஸ்’ என்று அதற்குப் பெயரே விழுந்துவிட்டது. ரோடனைன் அதில் முன்வரிசை. இந்த வடிகட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்தக் கூடாது என்பதும் உண்மை. ஜப்பானில் நீரிழிவு நரம்புக் கோளாறுக்குக் கொடுக்கும் எபால்ரெஸ்டாட் ஒரு ரோடனைன்தான். ஆகவே தூக்கி எறியச் சொல்லவில்லை. வாங்கும்போதே அந்தச் சேர்மத்தின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்துவிடுங்கள் என்கிறேன். அந்தத் திருச்சிப் பையன் பார்த்த திரையில் அப்படி ஒரு புள்ளி இருந்திருந்தால் ஒரு வாரத்தில் ட்ரைட்டனை ஊற்றியிருப்பான்.

இங்கே தமிழ் வாசகர்களின் கோபத்தையும் கொஞ்சம் சம்பாதித்துக்கொள்கிறேன். மஞ்சள். நம் குடும்பக் குழுவில் வாரம் ஒருமுறை மஞ்சள் புற்றுநோயைக் குணப்படுத்துகிறது என்று ஒரு தகவல் வந்துவிடும். மஞ்சளில் இருக்கும் குர்க்குமின் ஆய்வகத்தில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் அடிக்கிறது. ஏன் அடிக்கிறது? தானே ஒளிர்கிறது, உலோக அயனிகளைப் பற்றிக்கொள்கிறது, புரதத்தோடு வினைபுரிகிறது, திரள்கிறது, உடலின் கார அளவில் வெகு நேரம் தாங்காமல் சிதைகிறது. 2017இல் மருந்து வேதியியலாளர் குழு ஒன்று இதையெல்லாம் விரிவாக எழுதியது. மீன் குழம்பில் மஞ்சள் போடுவதை நான் நிறுத்தவில்லை. சேர்மத் தட்டில் அது ஹிட் என்று வந்தால் மட்டும் நம்பமாட்டேன்.

மஞ்சளைச் சொன்னேன் என்பதற்காக இயற்கைப் பொருளே வேண்டாம் என்று கட்சி கட்டவில்லை, நேர்மாறாகத்தான் சொல்ல வருகிறேன். வீவக அடுக்குமாடித் தாழ்வாரங்களில் எத்தனையோ வீட்டு வாசலில் நித்தியகல்யாணித் தொட்டி இருக்கும். அந்தச் செடியிலிருந்து வந்தவைதான் வின்பிளாஸ்டினும் வின்கிரிஸ்டினும், பின்னது பிள்ளைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் கொடுக்கிற மருந்து. வின்கிரிஸ்டினின் மூலக்கூறு எடை 825க்குப் பக்கம். இப்போது உங்கள் கொள்முதல் விண்ணப்பத்தை எடுத்துப் பாருங்கள். ‘லிப்பின்ஸ்கி விதிக்கு உட்பட்டவை மட்டும்’ என்று ஒரு வரி இருக்கும். 1997இல் வந்த அந்த விதி எடை 500க்குள் இருக்க வேண்டும், கொழுப்பில் கரையும் அளவு 5க்குள், ஹைட்ரஜன் கொடுக்கும் இடங்கள் 5க்குள், வாங்கும் இடங்கள் 10க்குள் என்கிறது. வாய்வழி சாப்பிடும் மாத்திரை குடலில் ஏறுமா என்று முன்கூட்டியே ஊகிக்க வந்த விதி அது. இயற்கைப் பொருள்களுக்கு அது பொருந்தாமல் போகலாம் என்று எழுதியவர்களே சொல்லியிருக்கிறார்கள். விதியை வேலியாக நட்டால் நித்தியகல்யாணி வேலிக்கு வெளியே நிற்கும்.

வடிவம் பற்றியும் ஒரு சொல். தட்டையான சேர்மங்கள் செய்யச் சுலபம், அதனால் பட்டியல்கள் தட்டையாக இருக்கின்றன. கார்பன் அணுக்களில் எத்தனை பங்கு நாற்புறமும் விரிந்து நிற்கிறது என்று 2009இல் லவரிங் குழு கணக்கெடுத்தது. ஆய்வுத் தொடக்கத்தில் இருக்கும் சேர்மங்களில் சராசரி 0.36, மருந்தாகி வெளிவந்தவற்றில் 0.47. முப்பரிமாணம் உள்ளவை வழியில் தாக்குப்பிடிக்கின்றன போலும். சிங்கப்பூரிலேயே எஸ்-பயோ என்ற நிறுவனத்தில் பிறந்து, கைமாறி, 2022இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பாக்ரிட்டினிப், ஒரு பெருவளைய மூலக்கூறு. அப்படிப்பட்ட வளையங்களை மலிவுப் பட்டியல்களில் தேடிப் பாருங்கள், கண் வலிக்கும்.

இவ்வளவு சொன்ன பிறகும் ‘பெரிய தொகுப்பு இருந்தால் எல்லாம் உள்ளே வந்துவிடுமே’ என்று ஒரு குரல் எழும். எழுந்திருக்கிறது, என் முகத்துக்கு நேராகவே. அவருக்கு இரண்டு கதை.

ஒன்று, கிளாக்ஸோஸ்மித்கிளைன் என்ற பெரிய மருந்து நிறுவனம். 1995 முதல் 2001 வரை பாக்டீரியாவுக்கு எதிராக 70 பெரிய ஸ்கிரீனிங் நடத்தினார்கள். தொகுப்பில் பல லட்சம் சேர்மங்கள். மேலே கொண்டு போகத் தக்கதாகக் கிடைத்தவை ஐந்து. 2007இல் அவர்களே ஒளிக்காமல் எழுதினார்கள், அதற்காக அவர்களை மதிக்கிறேன். அந்தச் சேர்மங்கள் பெரும்பாலும் மனிதப் புரதங்களுக்காகச் சேர்த்தவை. பாக்டீரியாவின் சுவரைத் தாண்டி உள்ளே போகிறவைக்கு வேறு உடல்வாகு வேண்டும்.

இரண்டாவது கதை நம் வாசலில் நடந்தது. நொவார்ட்டிஸ் என்ற மருந்து நிறுவனத்தின் வெப்பமண்டல நோய்கள் ஆய்வகம் அப்போது இங்கே பயோபோலிஸ் ஆய்வு வளாகத்தில் இருந்தது. அவர்களும் கூட்டாளிகளும் மலேரியா ஒட்டுண்ணிக்கு எதிராகச் சுமார் 12,000 சேர்மங்களைப் போட்டுப் பார்த்தார்கள். பன்னிரண்டாயிரம்தான். ஆனால் பொறுக்கி எடுத்தவை: தூய இயற்கைப் பொருள்களும், இயற்கைப் பொருள் போன்ற உடலமைப்போடு செய்யப்பட்டவையும். அதிலிருந்து இரண்டு வளையங்கள் ஒரே கார்பனில் குறுக்காகக் கோத்து நிற்கும் ஸ்பைரோஇண்டோலோன் வந்தது. அதை மெருகேற்றியதுதான் சிபார்காமின். 2010இல் செய்தி வெளியானது, பிறகு நோயாளிகளிடம் சோதிக்கும் கட்டம் வரை போனது. அந்த ஆய்வகம் பின்னர் கலிபோர்னியாவுக்கு இடம் மாறிவிட்டது. பாடத்தையும் பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார்களோ என்று சில கூட்டங்களில் உட்கார்ந்திருக்கும்போது தோன்றும்.

நம்மிடம் என்ன இருக்கிறது என்று பார்த்தால் வயிற்றெரிச்சல்தான் கூடுகிறது. 1990களில் வெளிநாட்டு மருந்து நிறுவனம் ஒன்றின் துணையோடு இங்கே சேர்க்கத் தொடங்கி, கைமாறிக் கைமாறி, இப்போது அரசின் ஆய்வு அமைப்பான ஏ*ஸ்டாரிடம் இருக்கும் இயற்கைப் பொருள் களஞ்சியத்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட நுண்ணுயிர், தாவர மாதிரிகள் இருக்கின்றன. உலகின் பெரிய களஞ்சியங்களில் ஒன்று. அடுத்த தெருவில் சமுத்திரம் இருக்க, நாம் கப்பலில் வரவழைத்த தண்ணீரை வாங்குகிறோம். சாறாக அப்படியே தட்டில் ஊற்ற முடியாது என்பது எனக்கும் தெரியும். ஒரு சாற்றில் நூறு சேர்மம், அதில் புரதங்களோடெல்லாம் ஒட்டிக்கொள்ளும் டானின் ஒன்று போதும் முழுத் தட்டையும் பொய் சொல்ல வைக்க. ஆனால் சாற்றைப் பிரித்து, டானினை நீக்கி, பத்து இருபது பகுதிகளாக்கி, நம் ரோபோ குடிக்கிற மாதிரி 384 குழியில் அடைப்பது தெரிந்த வித்தை. அடுத்த 50,000 சேர்மத்துக்கு ஒதுக்கும் பணத்தில் பாதியை அதற்குக் கொடுத்தால், வேறு யார் கையிலும் இல்லாத உடம்புகள் நம் தட்டில் ஏறும்.

இனி என் சொந்தப் புலம்பல்: வாங்கிய பிறகு நடப்பது. சேர்மங்களை 10 மில்லிமோலார் செறிவில் டிஎம்எஸ்ஓவில் கரைத்து உறைய வைக்கிறோம். டிஎம்எஸ்ஓ தண்ணீர் மோகி, காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இந்த ஊரின் ஈரப்பதமோ ஆண்டுச் சராசரியே 80 விழுக்காட்டைத் தாண்டும். குளிரூட்டி இருந்தாலும் படலத்தை உரித்த தட்டு மேசை மேல் இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் குடித்துக்கொண்டுதான் இருக்கிறது. தண்ணீர் ஏற ஏறச் சில சேர்மங்கள் கரைந்திருக்கப் பிடிக்காமல் கீழே உட்கார்ந்துவிடும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் குழியின் அடியில் கற்கண்டுத் துகள் மாதிரி வெள்ளையாக மின்னும். மேலே இருப்பது வெறும் டிஎம்எஸ்ஓ. ரோபோ அதிலிருந்துதான் 2.5 நானோலிட்டர் துளியைத் தட்டி எடுக்கும். கணினியில் ‘இந்தச் சேர்மம் வேலை செய்யவில்லை’ என்று பதிவாகும். அந்தக் குழிக்குள் சேர்மமே போகவில்லை என்று எந்த அட்டவணையிலும் ஏறாது.

ஆகவே நீங்கள் வாங்கிய பன்முகம் ஏட்டில் ஒன்று, குழியில் இன்னொன்று. எத்தனை முறை உருக்கி உறைய வைத்தோம் என்ற கணக்கு, ஆண்டுக்கு ஒருமுறை சில தட்டுகளையாவது எடுத்து உள்ளே இருப்பது பெயர்ப்பட்டையில் உள்ளதுதானா என்று மூலக்கூறின் எடையை அளக்கும் நிறைமாலை மானியில் பார்ப்பது, ஒருமுறை பயன்படுத்தி எறியும் சின்னப் பங்குகளாகப் பிரித்து வைப்பது, நைட்ரஜன் நிரப்பிய அலமாரி. இதற்கெல்லாம் வாங்கும்போதே பணம் எடுத்து வைக்க வேண்டும். ஒருமுறை கேட்டபோது, “பராமரிப்பு என்ற தலைப்பில் நிதி இல்லை, புதிதாக வாங்குவதென்றால் எழுதிக் கொடுங்கள்” என்று பதில் வந்தது. கூரை ஒழுகுகிறது என்றால் புதுச் சோபா வாங்கித் தருகிறேன் என்றது போல இருந்தது.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இனி தட்டெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக. பெர்ன் பல்கலைக்கழகத்தார் ஹைட்ரஜனை எண்ணாமல் 17 அணு வரை உள்ள 166 பில்லியன் மூலக்கூறுகளைக் கணினியில் எழுதி வைத்திருக்கிறார்கள். கேட்டால் செய்து தருகிறோம் என்று பல பில்லியன் சேர்மங்களைப் பட்டியலிடும் நிறுவனங்களும் உண்டு. அருமையான வசதி, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அந்தச் செய்து தரும் பட்டியல்கள் நம்பகமான சில வினைகளைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பெருக்கியவை. மறுபடியும் அமைடு, மறுபடியும் கரை. கணினிக்குக் கற்றுக்கொடுக்க உண்மையான தட்டுகளிலிருந்து வந்த தகவல் வேண்டும், முக்கியமாக எது வேலை செய்யவில்லை என்ற தகவல். நாம் அதைத்தான் முதலில் அழிக்கிறோம். சிங்கப்பூரின் ஆய்வகங்களில் இத்தனை ஆண்டில் தோற்றுப்போன குழிகளின் முடிவுகளெல்லாம் ஒரே இடத்தில் இருந்திருந்தால், எந்த உடம்பை இனி வாங்கத் தேவையில்லை என்பது ஒரு மாலையில் தெரிந்துவிடும்.

கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். அடுத்த டெண்டரில் ‘எண்ணிக்கை’ என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் ‘சட்டகங்கள்’ என்று ஒரு கட்டம் போடுங்கள். நம் கையில் ஏற்கெனவே இருக்கும் தொகுப்போடு ஒப்பிட்டு, புதிதாக வரும் ஒவ்வொன்றுக்கும் மிக நெருங்கிய சேர்மம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்ற கணக்கை விற்பவர் தரட்டும், நம் ஆள் ஒருவர் சரிபார்க்கட்டும். மலேரியா மருந்துகளுக்கான எம்எம்வி அமைப்பு வெறும் 400 சேர்மங்களைப் பெட்டியில் போட்டு உலகம் முழுக்க ஆய்வகங்களுக்குக் காசு வாங்காமல் அனுப்பியது, அதில் எத்தனையோ சின்ன ஆய்வகங்கள் முதன்முதலாக ஸ்கிரீனிங் செய்தன. அது போல, நம் முழுத் தொகுப்பிலிருந்து ஐயாயிரம் பிரதிநிதிகளைப் பொறுக்கி, பல்கலைக்கழக மாணவர் யார் கேட்டாலும் பதினாறு தட்டாக எடுத்துக் கொடுக்கும்படி தயாராக வைக்கலாம். ஒரு தட்டில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஓரங்களில் ஒதுக்கும் குழிகள் போக 320 குழி, கணக்குச் சரியாக வரும். ரோபோ ஒரு காலைப் பொழுதில் முடித்துவிடும்.

குழுவில் வேதியியல் தெரிந்தவர் ஒருவரும், தட்டைக் கையால் தொடுகிற ஒருவரும் இருக்க வேண்டும் என்றும் கேட்கிறேன். என்னைத்தான் போட வேண்டும் என்றில்லை. எனக்குக் கூட்டங்கள் பிடிக்காது.

செவ்வாய்க்கிழமைகளில் காலை எட்டு மணிக்குத் தட்டுகளை வெளியே எடுக்கிறோம். உருகுவதற்கு முன் வந்தால், ஒரு பழைய தட்டைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்துக் காட்டுகிறேன். மேல்கோட்டு எடுத்து வாருங்கள், அறை குளிரும். டிஎம்எஸ்ஓ 18.5 பாகையில் உறைந்துவிடும், எங்கள் குளிரூட்டி சில நாள் அதையும் செய்துவிடுகிறது.

இப்படிக்கு,
ஒன் நார்த் ஆய்வகம் ஒன்றில் தட்டுகளைப் பார்த்துக்கொள்பவள்